காவிரி பழனிக்கு நடந்துபோகும் மாதம்

பங்குனி பிறந்துவிட்டால் கொடுமுடிக்குத் தூக்கம் கிடையாது. ஈரோட்டிலிருந்து கரூர் போகும் ரயில் பாதையில் இருக்கும் சிற்றூர் இது. மகுடேசுவரர் கோயிலை ஒட்டிய காவிரிப் படித்துறையில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கால்வைக்க இடமிருக்காது. பழனிப் பங்குனி உத்திரத்தைப் பார்ப்பதற்கான இந்தப் பயணம் பழனியில் தொடங்காமல் இங்கே தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கொங்கு நாட்டாருக்கு அந்தத் திருவிழாவின் முதல் நாள் இந்தப் படித்துறையில்தான்.

தெற்கு முகமாக வந்த காவிரி கிழக்கே திரும்புகிற இடம் கொடுமுடி. ஈரோடு, கரூர், திருப்பூர், கோவைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஊர் ஊராகக் கூட்டங்கள் வந்து இறங்குகின்றன. மேளம் ஒரு பக்கம், உறுமி ஒரு பக்கம். இருட்டில் யார் எந்த ஊர் என்பதைப் பம்பையின் சத்தத்தை வைத்துத்தான் அவர்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். ஆண்களும் பெண்களும் பச்சையிலும் மஞ்சளிலும் காவியிலும் ஈரத்தோடு படியேறுகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் செம்போ குடமோ இருக்கிறது.

படியோரமாக ஒரு பாட்டியும் பேரனும். பித்தளைச் செம்பைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, ஆற்று மணலில் ஒரு முறை உருட்டி, மூன்று தரம் முக்கிக் கவிழ்த்து, நான்காவது தரம் கழுத்து வரை நிரப்பினார் அந்த அம்மாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த வன்னி இலைகள் சிலவற்றை எடுத்துத் தண்ணீரில் போட்டார். வாயில் மஞ்சள் துணியை விரித்து நூல்கயிற்றால் இறுக்கினார். பையன் குனிந்து எட்டிப் பார்த்தபோது, “மூச்சுக்காத்துப் படாமப் பாரு கண்ணு, அது சாமிக்குப் போற தண்ணி” என்றார். அதன்பிறகு அந்தச் செம்பைப் பேரன் தரையில் வைக்கவே இல்லை.

வன்னி இலை போட்டால் காவிரித் தண்ணீர் பழனி போய்ச் சேரும்வரை கெடாது என்பது இங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. கோயிலுக்குள் பெரிய வன்னி மரம் ஒன்று இருக்கிறது, அதனடியில் பிரம்மா. மகுடேசுவரருக்கும் வீரநாராயணப் பெருமாளுக்கும் ஒரே வளாகத்தில் சன்னிதி இருப்பதால் மும்மூர்த்தித் தலம் என்று பெயர். சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடிய ஊரும் இதுதான்.

தமிழ்நாட்டுக்கு முருகன் பாட்டை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு குரல் இந்த ஊரில் பிறந்தது. கே.பி. சுந்தராம்பாள், 1908இல். ஏழ்மையில் ரயில் பெட்டிகளில் பாடிக் காசு வாங்கிய சிறுமி, பின்னாளில் ‘ஔவையார்’ படத்திலும் (1953), ‘திருவிளையாடல்’ படத்திலும் (1965) ஔவையாகவே நின்றார். மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு பழனியில் நின்ற பிள்ளையைச் சமாதானம் செய்யும் அந்தக் காட்சியை அறியாத தமிழர் குறைவு. அவர் பெயரின் முதலெழுத்தான ‘கே’ கொடுமுடி. பழனிக்குப் புறப்படுகிறவர்கள் அவர் பாடல்களை ஒலிபெருக்கியில் கேட்டபடியேதான் ஊர் எல்லையைத் தாண்டுகிறார்கள்.

எதற்காக இவ்வளவு தூரம் தண்ணீர் சுமக்க வேண்டும்? பழனி மலைமேல் இருக்கும் மூலவர் போகர் என்ற சித்தர் நவபாஷாணத்தால் செய்த திருமேனி என்பது மரபு. பங்குனி கழிந்து சித்திரை வந்தால் அக்னி நட்சத்திரம். வெயில் ஏறுவதற்கு முன் அந்தத் திருமேனியைக் காவிரி நீரால் குளிர்விக்க வேண்டும் என்று கொங்கு நாடு தீர்த்தக் காவடி கட்டுகிறது. தெய்வத்துக்கு வெயில் சுடும் என்று நினைத்து, தான் வெயிலில் நடந்துபோகிற மனதை இந்த மாதத்தில் இந்தச் சாலையில் பார்க்கலாம்.

முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம் என்று நீள்கிறது வழி. காவிரிக்கரைத் தென்னையும் வாழையும் கரும்பும் சட்டென்று முடிந்துபோய், கண்ணுக்கெட்டியவரை கொறங்காடு. கிளுவை முள்ளை நட்டு வேலியாக்கி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் நடுநடுவே வெள்வேல மரமுமாக, காங்கேயம் மாட்டுக்காகவே தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மேய்ச்சல் நிலம் அது. பங்குனியில் புல் காய்ந்து பழுப்பாகக் கிடந்தாலும் மாடுகள் மேய்ந்துகொண்டுதான் இருக்கின்றன. மழை குறைந்த மண்ணுக்கு ஏற்ற மாடு, மாட்டுக்கு ஏற்ற புல், புல்லுக்கு ஏற்ற வேலி. பட்டப்படிப்பு எதுவும் இல்லாத விவசாயிகள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. வேப்பமரங்களில் பூ கொட்டிக் கிடந்தது. புங்கமரம் புதுத்தளிர் விட்டிருந்தது. தமிழ்நாட்டின் வசந்தத்துக்கு வாசனை வேப்பம்பூ, நிறம் புங்கந்தளிர்.

சாலையில் பெயர்கள் காணாமல் போய்விடுகின்றன. எல்லாரும் ‘சாமி’. ஆலை முதலாளியும் சாமி, அவரிடம் வேலை பார்க்கும் தறிக்காரரும் சாமி. “ஏனுங் சாமி, கால் கொப்பளிச்சுப் போச்சுங்களா? உக்காருங்க, வெளக்கெண்ணெ தேச்சு உடறேன்” என்று பந்தலுக்குள்ளிருந்து ஒருவர் கூப்பிடுகிறார். முன்பின் தெரியாத ஆளின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். எண்ணெய் தேய்த்தபிறகு அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். காவடி தூக்கி வருகிறவரிடம் முருகனே வருகிறான் என்ற எண்ணம்.

பந்தல்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த வழியைச் சொன்னதாகாது. நீர்மோர், பானகம், கம்பங்கூழ், தர்ப்பூசணிக் கீற்று, தக்காளிச் சோறு, வெண்பொங்கல். நடத்துபவர்கள் பெரிய அமைப்புகள் கிடையாது. ஒரு கிராமத்தார், ஒரு தெருக்காரர், ஒரு பஸ் ஸ்டாண்டு ஆட்டோ ஓட்டுநர்கள், சில இடங்களில் ஒரே ஒரு குடும்பம். வருகிறவரிடம் ஊர் கேட்கிறார்கள்; அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை. “இன்னுங் கொஞ்சம் போடுங்க, இன்னும் எவ்வளவு தூரம் போகோணும்” என்று கரண்டியை நீட்டியபடியே இருக்கிறார்கள்.

தை மாதத்துப் பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் வெளியூர்க்காரர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. இரண்டும் பழனியின் பெருவிழாக்கள். தைப்பூசத்துக்கு ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேறும்; தேர் ரத வீதியில் ஓடும். செட்டிநாட்டு நகரத்தார் பல நூற்றாண்டுகளாகக் காவடி கட்டி நடந்துவருவது அந்த விழாவுக்குத்தான். பங்குனி உத்திரத்துக்குக் கொடியேற்றம் அடிவாரத்துத் திருவாவினன்குடியில். தேர் மலையைச் சுற்றிய கிரிவீதியில். இது கொங்கு நாட்டின் விழா. பழனியில் கடை வைத்திருப்பவர்கள் வருகிறவர்களின் பேச்சை வைத்தே மாதத்தைச் சொல்லிவிடுவார்கள்.

காவடியின் கதை இடும்பனிடம் தொடங்குகிறது. அகத்தியர் சொற்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தோளில் கட்டித் தூக்கிவந்த இடும்பன், களைத்துப்போய் இறக்கிவைத்த இடம் பழனி. மீண்டும் தூக்கப் பார்த்தால் அசையவில்லை. ஒரு மலையின் உச்சியில் கோவணத்தோடு ஒரு பிள்ளை நின்றுகொண்டு இது என் மலை என்றது. சண்டையில் மாண்டு, பிறகு உயிர் பெற்ற இடும்பன், தன்னைப்போல் தோளில் சுமந்துவரும் எவருக்கும் அருள வேண்டும் என்று வரம் கேட்டான். ஒரு சுமைதூக்கியின் களைப்பிலிருந்து பிறந்த வழிபாடு இது. அதனால்தானோ என்னவோ, உலகத்தில் தமிழ்க் கூலிகள் போய் இறங்கிய இடங்களிலெல்லாம் காவடி போய்ச் சேர்ந்தது. மலேசியாவின் பத்துமலையில், மொரிஷியஸில், தென்னாப்பிரிக்காவில் இன்றும் தூக்குகிறார்கள். சிங்கப்பூர் ஈசூனில் உள்ள பாலசுப்பிரமணியர் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கே காவடி உண்டு. நடைக்கு ஏற்ற இசையும் இதோடு வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச்சிந்து, கால் எடுத்துவைக்கும் கணக்கிலேயே தாளம் கொண்டது.

தாராபுரத்தில் அமராவதியைக் கடக்க வேண்டும். பங்குனியில் ஆறு பெரும்பாலும் மணல்தான். அதில் நின்று யோசித்தால் ஒரு விஷயம் புரிகிறது. பழனி மலைத்தொடரில் பெய்யும் மழை சண்முக நதியாகி, சண்முக நதி அமராவதியில் கலந்து, அமராவதி கரூருக்குக் கிழக்கே திருமுக்கூடலூரில் காவிரியில் சேர்கிறது. கொடுமுடியைத் தாண்டிய பிறகுதான் காவிரிக்குப் பழனித் தண்ணீர் கிடைக்கிறது. ஆக, மலையிலிருந்து ஆற்றுக்கு நீரை அனுப்புவது இயற்கை. ஆற்றிலிருந்து மலைக்கு நீரைத் திருப்பிக் கொண்டுபோவது இந்த மக்கள். கலந்து போகிற அந்த நீர் அடுத்துப் பெரிதாகத் தொடும் ஊர் திருவரங்கம். அந்த ஊரின் பெயர் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வரும்.

மலை கண்ணில் பட்டதும் கூட்டத்தின் சத்தம் மாறுகிறது. அதுவரை களைப்பில் முணுமுணுத்தவர்கள் அரோகரா என்று உரக்கக் கூவுகிறார்கள். பின்னால் நீலச் சுவராகக் கொடைக்கானல் மலைகள்; முன்னால் தனியாக எழுந்து நிற்கும் பழனி மலையும் பக்கத்திலேயே இடும்பன் மலையும். ஊருக்குள் நுழையும் முன் சண்முக நதியில் குளிக்க வேண்டும். பாலாறு, பொருந்தலாறு, வரட்டாறு, பச்சையாறு முதலான ஆறு ஓடைகள் சேர்ந்து வருவதால் இந்தப் பெயர்.

பொருந்தலாறு என்ற பெயரைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. அந்த ஓடையின் கரையில், மலையடிவாரத்தில் இருக்கும் பொருந்தல் என்ற சிற்றூரில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தார்கள். ஈமக்குழி ஒன்றில் பானை நிறைய நெல். உடன் தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனை. அந்த நெல்லின் காலம் அறிவியல் முறையில் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. தமிழ் எழுத்தின் வயதைப் பின்னுக்குத் தள்ளிய முக்கியமான சான்றுகளில் ஒன்று அது. கண்ணாடி மணி செய்த தொழிற்கூடத்தின் தடயமும் கிடைத்தது. சங்க நூல்கள் பொதினி என்று சொல்லும் நாடு இதுதான். மயிலுக்குப் போர்வை தந்த வையாவிக்கோப்பெரும்பேகனின் ஊர். காவடியில் மயிற்பீலி செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கும் கூட்டம் பேகனை நினைத்துக்கொண்டு வருவதில்லை. ஆனாலும் அந்தப் பீலியைப் பார்க்கும்போது பார்ப்பவருக்கு நினைவு வராமல் இருக்காது.

ஆற்றங்கரைத் தோப்பில் இரவு. இதுதான் இந்தப் பயணத்தில் மறக்க முடியாத இடம். மாமரமும் தென்னையுமாகக் கிடைத்த நிழலிலெல்லாம் ஒவ்வோர் ஊர் இறங்கியிருக்கிறது. மூன்று கல் கூட்டி அடுப்பு. வண்டியில் கொண்டுவந்த அரிசியை ஒருவர் களைகிறார், இன்னொருவர் கத்தரிக்காய் அரிகிறார். காவடிகளை மரக்கிளையில் சாய்த்து, தீர்த்தக் குடங்களைத் தரையில் படாமல் தொங்கவிட்டு, அதற்குக் காவலாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். பெண்கள் வட்டமாக நின்று கும்மி அடிக்க, வள்ளியை வேடனாக வந்து முருகன் மடக்கிய கதையைப் பாட்டு நடத்துபவர் எடுத்துக்கொடுக்கிறார். பக்கத்து மரத்தடியில் கரூர்ப் பக்கத்துக் கூட்டம். இவர்களிடம் உப்பு கேட்டு வந்த பெண் கும்மியில் சேர்ந்துகொண்டு, உப்பை மறந்துவிட்டாள்.

பழனி ஊருக்குள் சாதிவாரியாக எத்தனையோ மடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யார் தங்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. தோப்பிலும் ஆற்றங்கரையிலும் கிரிவீதியிலும் அந்தக் கணக்கு செல்லாது. பங்குனி உத்திரம் முழுமையாக நடப்பது இப்படிப்பட்ட பொது இடங்களில்தான். சுவருக்குள் நடக்கும் பூசையைவிட இந்தத் திறந்த வெளியில்தான் விழாவின் உயிர் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

விழா பத்து நாள். ஆறாம் நாள் உற்சவர் முத்துக்குமாரசுவாமிக்கு வள்ளி தெய்வானையோடு திருக்கல்யாணம். அன்று இரவு வெள்ளித் தேர். ஏழாம் நாள் உத்திரம், அன்று மாலை பெரிய தேர். பங்குனி முழுநிலவும் உத்திர நட்சத்திரமும் கூடும் நாள் தமிழ்நாட்டில் கல்யாண நாள். சிவனுக்கும் உமைக்கும், இராமனுக்கும் சீதைக்கும், முருகனுக்கும் தெய்வானைக்கும் அன்றுதான் மணம் நடந்தது என்று ஒவ்வொரு கோயிலும் சொல்கிறது. வடக்கே பால்குன முழுநிலவில் ஹோலி. அங்கே வண்ணப்பொடி; இங்கே மஞ்சள் நீரும் சந்தனமும் திருநீறும்.

மலையேற 693 படிகள். படி முடியாதவர்களுக்கு யானைப் பாதை. அதுவும் முடியாதவர்களுக்கு 1966இல் வந்த விஞ்சும், 2004இல் வந்த ரோப் காரும். காவடிக்காரர்களுக்குப் படிதான். பாத விநாயகருக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டு ஏறுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் சூடம் ஏற்றிக்கொண்டே போகிற பெண்கள், மொட்டைத் தலையில் சந்தனம் காயாத குழந்தைகள். பாதி வழியில் இடும்பனுக்குச் சன்னிதி. அவனை வணங்காமல் மேலே போகக் கூடாது என்பது வழக்கம். தோற்றவனுக்கு முதல் மரியாதை தரும் ஊர் இது.

மேலே போனதும் செம்புகளின் கட்டு அவிழ்கிறது. கொடுமுடியில் இறுக்கிய மஞ்சள் துணி வழியெல்லாம் தூசி படிந்து மண்ணின் நிறமாகிவிட்டது. உள்ளே தண்ணீர் தெளிவாக இருந்தது. வன்னி இலை மட்டும் சற்றுக் கறுத்திருந்தது. ஒரு பெரியவர் குடத்தைச் சாய்க்குமுன் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அது பல ஊர்த் தண்ணீரோடு சேர்ந்து முருகனுக்குப் போயிற்று.

இறங்கும்போது எல்லார் கையிலும் பஞ்சாமிர்தம். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், கூடவே பேரீச்சையும் கற்கண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது, தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் முதலாவதாக. சர்க்கரை ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியிலிருந்து வருகிறது. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி வாழை கீழ்ப் பழனி மலையில் விளைவது. ஈரம் குறைவான பழமாதலால் பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்கிறது. முடிக்கொத்து நோய் வந்து அந்த வாழை மலையில் பெருமளவு அழிந்தது. மீட்கும் வேலையை விவசாயிகளும் வேளாண் பல்கலைக்கழகமும் செய்துவருகிறார்கள். அந்த வாழை போய்விட்டால் டப்பாவில் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

மாலையில் கிரிவீதி. மலையைச் சுற்றி இரண்டரைக் கிலோமீட்டர். நாலு திசையிலும் மயில் சிலைகள். நடுநடுவே கடம்ப மரங்கள். கடம்பு சித்திரைக் கடைசியில் பூக்கும். சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும் பழனிக்காரர்கள் அதிகாலையில் இந்த வீதியைச் சுற்றுவார்கள். பெண்கள் தலையில் கடம்பம்பூ இருக்கும். பல ஆண்டுகளாக வீதியை அடைத்திருந்த ஆக்கிரமிப்புகளை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அகற்றி, 2024இல் வண்டிகள் நுழையவும் தடை போட்டார்கள். இப்போது அது ஊருக்குக் கிடைத்த பெரிய பூங்காவாக இருக்கிறது. குழந்தைகள் நடுவீதியில் ஓடுகிறார்கள். கிழவிகள் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் பொரி, கயிறு, பொம்மை விற்றுப் பிழைத்த சிறு வியாபாரிகளுக்கும் திருவிழாவில் முறையான இடம் வேண்டும். அவர்களும் இந்த விழாவின் மனிதர்கள்.

தேர் அசைகிற நேரத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம். வடத்தைப் பிடித்தவர்களில் யார் இழுக்கிறார்கள், யார் தொட்டுக்கொண்டு மட்டும் வருகிறார்கள் என்று பிரிக்க முடியாது. முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. பின்னாலிருந்து கோயில் யானை நெற்றியால் முட்டித் தள்ளுகிறது. தேரின்மீது ஜனங்கள் பழத்தையும் நெல்லையும் வீசுகிறார்கள். புது விளைச்சலில் ஒரு பிடி. மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்க, கிழக்கே உத்திரத்து நிலா ஏறியது.

மறுநாள் காலை அதே தோப்பு காலியாக இருந்தது. மூன்று கல் அடுப்புகள், சாம்பல், கரித்துண்டு, மிதிபட்ட வாழையிலை. அகநானூற்றின் 137ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. உறையூர் முதுகூத்தனார் பாடியது. காவிரி சூழ்ந்த அரங்கத்துப் பொழிலில் பங்குனி விழா முடிந்த மறுநாள், நெருப்பில்லாத அடுப்புகளோடு வெறிச்சோடிக் கிடக்கும் இடத்தை, தலைவன் பிரிவான் என்று கலங்கும் தலைவியின் நெற்றிக்கு உவமை சொல்கிறாள் தோழி. அந்த அரங்கம்தான் இன்றைய திருவரங்கம். இன்றும் பங்குனி உத்திரத்தன்று அங்கே அரங்கநாதரும் தாயாரும் ஒன்றாக அமரும் சேர்த்தி சேவை நடக்கிறது. சம்பந்தரும் மயிலைப் பதிகத்தில் பங்குனி உத்திரத்தைச் சொல்லியிருக்கிறார். ஊரார் ஒரு பொழிலில் கூடி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, ஆடிப் பாடிக் கலையும் வழக்கம் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாகக் காவிரிப் படுகையில் அறுபடவில்லை. அந்த அரங்கத்துக்குத்தான் சண்முக நதியின் தண்ணீர் போகிறது.

ஆனால் முதுகூத்தனார் பார்த்த பொழிலில் இல்லாத ஒன்று இந்தக் கரையில் இருந்தது. குளித்துவிட்டுக் கழற்றிப் போட்ட வேட்டி, சேலை, துண்டுகள் ஆற்றில் குவியல் குவியலாகச் சிக்கிக் கிடந்தன. பழைய துணியை ஆற்றில் விட்டால் பீடை போகும் என்று யார் சொல்லித் தந்தார்களோ தெரியவில்லை. பழைய மரபில் அதற்கு இடமில்லை. பாலித்தீன் பைகள், தண்ணீர் பாக்கெட், தட்டு. துப்புரவுப் பணியாளர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கொக்கியால் துணியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தெய்வத்துக்குப் போகும் தண்ணீரில் மூச்சுக்காற்றுகூடப் படக்கூடாது என்று காத்தவர்கள், தெய்வத்தின் ஆற்றில் இதைச் செய்கிறார்கள். பார்க்க மனசு பொறுக்கவில்லை.

பயணத்தின் கடைசிப் பகுதி மேலே போகிறது. வரதமாநதி அணையைத் தாண்டினால் மலைப்பாதை. பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர். அடிவாரத்தில் இலவமரங்கள் இலையெல்லாம் உதிர்த்துக் காய் வெடித்து நிற்கின்றன. பஞ்சு காற்றில் பறக்கிறது. இன்னும் ஏறினால் காப்பித் தோட்டம். பங்குனியில் ஒரு மழை விழுந்தால் சில நாளில் செடி முழுக்க வெள்ளைப் பூ, மல்லிகையை ஒத்த வாசனை. தோட்டக்காரர்கள் அதைப் பூ மழை என்கிறார்கள். அந்த ஆண்டுக் காப்பி விளைச்சல் அந்த ஒரு மழையில் பாதி தீர்மானமாகிவிடும்.

கொடைக்கானல் 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் வெயிலுக்குத் தப்பி வீடு கட்டியதில் பிறந்த ஊர். மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்சு 1863இல் ஏரியை உண்டாக்கினார். பிரையண்ட் என்ற வன அதிகாரி 1908இல் அமைத்த பூங்காவில் மே மாதக் கோடை விழாவுக்கான நாற்றுகள் நட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அழகான இடம், ஒழுங்கான பாத்திகள். சீட்டு வாங்கி உள்ளே போய், பாதை விலகாமல் நடந்து, பூவைப் பார்த்துத் திரும்பும் வசந்தம் அது. கீழே ஆற்றங்கரையில் ஒரே இலையில் சாப்பிட்ட வசந்தத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இது கொஞ்சம் தூரத்தில் நிற்பதாகத்தான் தோன்றும்.

இரண்டையும் இணைக்கும் ஓர் இடம் ஊருக்கு வெளியே இருக்கிறது: குறிஞ்சி ஆண்டவர் கோயில். கட்டியவர் லீலாவதி இராமநாதன். ஐரோப்பிய வழிவந்த பெண். இந்து சமயத்தைத் தழுவி, இலங்கைத் தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். 1936இல் அவர் எழுப்பிய கோயில் இன்று பழனி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. சுற்றிலும் குறிஞ்சிப் புதர்கள். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூப்பவை, கடைசியாக 2018இல் பூத்தவை, இனி 2030இல். கோயிலின் பின்புறம் நின்றால் பனி விலகும் நேரத்தில் கீழே பழனி மலை சிறிதாகத் தெரிகிறது. அதற்கு அப்பால் தாராபுரம் போகும் சமவெளி.

அங்கே நின்று பார்க்கும்போது மொத்த வரைபடமும் புரியும். இந்த மலையின் சோலைக்காடுகளில் ஊறும் நீர்தான் சண்முக நதி. சோலை வறண்டால் நதி வறளும். நதி கெட்டால் அமராவதியும் காவிரியும் கெடும். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 2024இல் தடை வந்திருக்கிறது. அதே கண்டிப்பு மலைக்குக் கீழேயும் வேண்டும். அடுத்த பங்குனிக்குப் பழனி புறப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளித்த துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோங்கள். பந்தல் போடுகிறவர்கள் மோரை எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள், சோற்றை வாழையிலையிலோ மந்தார இலையிலோ பரிமாறுங்கள். கிராமத்துக்கு ஒருவர் என்று பொறுப்பேற்று, கிளம்புமுன் தங்கள் அடுப்படியைச் சுத்தம் செய்துவிட்டுப் போங்கள். குடத்தின் வாயில் மஞ்சள் துணி கட்டத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.